அத்தான் நிறுத்தும் இடங்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"நீதான் கதை எழுதறியே. உங்க அத்தானுக்கு ஒரு கதை எழுதேன்."

"அத்தானைப் பத்தியா?"

"அத்தானைப் பத்தி இல்லடி. அத்தானுக்கு. நான் சொன்னா அவர் காதுல ஏற மாட்டேங்குது. நீ எழுதினா படிப்பார்."

படிப்பார் என்பது உண்மைதான். என் கதைகளை ஒன்று விடாமல் படிக்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஏன் படிக்கிறார் என்று சொன்னால் எனக்குத்தான் மானம் போகும், இருந்தாலும் சொல்கிறேன். எங்கேயாவது டைப்ரைட்டர் வருகிறதா என்று பார்ப்பதற்காகப் படிக்கிறார்.

முதலில் எழுதிய தொடக்கங்களை அழிக்காமல் இங்கேயே வைக்கிறேன். நான் பட்ட பாடு நாலு பேருக்குத் தெரியட்டும்.

[மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு பெண் ஜன்னலோரம் நின்று —] வேண்டாம். அக்கா ஜன்னலோரம் நின்று நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

[தாம்பத்தியம் என்பது இருவர் சேர்ந்து ஒரே திரையைப் பார்ப்பது என்று —] சீச்சீ. இதைக் காலண்டரில்தான் அச்சடிக்கவேண்டும்.

[நிறுத்து!]

இது சரி. அக்கா வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான் தொடங்கும், எந்தப் படமும் இப்படித்தான் முடியும்.

2

அத்தானுக்கு ஒரு பொழுதுபோக்கு. பழைய படங்களில் வருகிற டைப்ரைட்டர்களைக் கண்டுபிடிப்பது. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள், சிலர் நாணயம் சேர்க்கிறார்கள். அவற்றையாவது அலமாரியில் வைத்துத் துடைக்கலாம். இவர் சேர்ப்பதெல்லாம் கண்ணால் பார்த்தவற்றை மட்டும். வீட்டில் ஒரு டைப்ரைட்டர்கூடக் கிடையாது. அவருக்கு டைப் அடிக்கவும் தெரியாது. "வாங்கி வச்சா அது வெறும் மிஷின். படத்துல பாத்தா அது என் கண்ணுல மாட்டினது" என்பார், ஏதோ தூண்டில் போட்டு இழுத்த மாதிரி.

வக்கீல் அறை, காவல் நிலையம், பத்திரிகை ஆபீஸ், கதாநாயகி கண்ணீரோடு ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற மேனேஜர் அறை. எல்லோரும் கண்ணீரைப் பார்ப்போம். அத்தான் சோபாவிலிருந்து எழுந்துவிடுவார்.

"நிறுத்து நிறுத்து! பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். ஆங்... பாரு, திரைச்சீலைக்குப் பக்கத்துல."

திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையின் ஓரத்தில் பாதி டைப்ரைட்டர். அத்தான் டிவிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, கைபேசியில் படம் பிடித்து, ரிப்பன் மூடியின் வளைவையும் விசைகளின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, என்ன மாடல், அந்தக் கதை நடக்கிற காலத்தில் அது வந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வார். சொன்ன தீர்ப்பைத் தன் குழுவுக்கு அனுப்புவார்.* இதெல்லாம் முடியும்வரை கதாநாயகி வாயைத் திறந்தபடியே நிற்பாள். ஒரு படத்தில் அம்மா மடியில் சாகக்கிடந்த மகன் இன்னும் செத்தானா பிழைத்தானா என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

(* ஆமாம், குழு. இவரைப் போல ஊர் ஊராக ஆட்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் ரிப்பன் சுருளைப் பற்றி மட்டும்தான் பேசுவார். இந்த விஷயம் தெரிந்த அன்று அக்கா, "அவங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் என்ன பண்றாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள்.)

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் இதையும் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில் இந்தக் கண்ணுக்காகத்தான் அக்கா இவர்மேல் உயிரையே வைத்திருந்தாள். ஒரு படத்தில் கதாநாயகன் டைப் அடித்துக்கொண்டிருந்தான். "இந்தக் காட்சியைத் திருப்பிப் போட்டுட்டாங்க, கண்ணாடியில தெரியற மாதிரி" என்றார் அத்தான். யாரும் நம்பவில்லை. "வரி முடிஞ்சதும் தள்ளற கைப்பிடி இடப்பக்கம்தான் இருக்கும். இவனுக்கு வலப்பக்கம் இருக்கு பாருங்க." அப்புறம் உற்றுப் பார்த்தால், அதுவரை அவன் இடது கையில் இருந்த கடிகாரம் அந்தக் காட்சியில் மட்டும் வலது கைக்குப் போயிருந்தது. சட்டைப் பையும் இடம் மாறியிருந்தது. அக்கா இதை எதிர் வீடு, மாடி வீடு, வேலை செய்கிற இடம் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தாள். "எங்க வீட்டுக்காரர் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது" என்று அவள் பெருமை அடித்துக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

[எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.]

3

கதை என்றால் ஏதாவது நடக்கவேண்டுமே. நடந்தது இது.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி இறங்குவதே தெரியாது என்று அவள் கைக்குப் பெயர். அழுகிற குழந்தைகள்கூட அவளிடம் கையை நீட்டிவிடும். அந்த நிறுவனம், ஒரு ராத்திரி ரயிலில் போகிற தூரத்தில், வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. அதற்கு அவளைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார்கள். இரண்டு வருஷம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

முதலாளியம்மா இதைச் சொன்னது ரத்தக் குழாய்களை வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில். அக்கா கையுறையைக் கழற்றக்கூட மறந்து நின்றாள். அன்றைக்கு பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவரை விட்டு வேறு ஊரில் தூங்கியதில்லை.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நீதிமன்றக் காட்சி. அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, என்னைப் புதுக் கிளைக்குப் பொறுப்பா போடறாங்களாம்."

"ம்."

"வேற ஊரு. ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?" அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். அக்கா பையைக் கீழே வைத்தாள். "அதானே பாத்தேன்! இந்தக் கதை நடந்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் அந்த மாடலே வந்துது. நிறுத்து, நிறுத்து!"

இரண்டாவது தடவை சாப்பாட்டு மேசையில். அவர் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசி. அக்கா முழுவதையும் பொறுமையாகச் சொன்னாள். ஊர், வேலை, பொறுப்பு, வெள்ளிக்கிழமை. "ரொம்ப நல்லது" என்றார் அத்தான்.

"எதுங்க நல்லது?"

"ரிப்பன் மூடி கழண்டிருக்கு. அதனால உள்ள எல்லாம் தெரியுது பாரு."

மூன்றாவது தடவை அக்கா டிவிக்கு முன்னாலேயே போய் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திரையே தெரியாதபடி நின்றாள். அத்தான் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அப்புறம் மறுபக்கம் சாய்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல். அக்கா தள்ளிக்கொண்டாள்.

[இந்த இடத்தில் 'அவள் கண்கள் குளமாயின' என்று எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டாள். "நான் எங்கடி அழுதேன்? எனக்குக் கோபம். கோபம்னு எழுது." எழுதிவிட்டேன். அக்காவுக்குக் கோபம்.]

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இவ்வளவு எழுதுகிறவள், அத்தானை ஒரு ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தை நேரே சொல்லித் தொலைக்கக்கூடாதா? நானும் அதைத்தான் கேட்டேன்.

"நேர்ல சொன்னே, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். திரைச்சீலைக்குப் பின்னாடி இருக்கறதை எல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷன்தானே? இதையும் கண்டுபிடிக்கட்டும்."

"கண்டுபிடிச்சு அவர் என்ன சொல்லணும்கறே?"

"போன்னு சொன்னாலும் சரி. போகாதேன்னு சொன்னா சண்டை போட்டுக்கறேன், அதுவும் சரி. காதுல விழுந்துதுன்னு தெரிஞ்சா போதும்டி எனக்கு." ஒரு தட்டை இரண்டாவது தடவை கழுவினாள். "நானும் வரேன்னு சொன்னா... அதை விடு."

எழுதுகிறவளிடம் 'அதை விடு' என்று சொல்லக்கூடாது. நான் விடவில்லை.

4

அடுத்த தலைவலி, கதையில் அத்தானை என்ன தொழில் செய்யவைப்பது என்பது.

நிஜத்தில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவர். எதிரில் நிற்கிற மனைவியைப் பார்க்காத ஒருத்தருக்குக் கண்ணாடிக் கடை வைத்துக் கொடுத்தால், படிக்கிறவர்கள் என்னை உரித்துத் தொங்கவிட மாட்டார்களா? 'எழுத்தாளர் ரொம்ப மெனக்கெட்டுவிட்டார்' என்பார்கள். நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. வாழ்க்கைக்கு விமர்சகர் பயம் இல்லை, இஷ்டத்துக்கு எதையாவது வைத்துவிடுகிறது.

ஆகவே, முதல் பிரதியில் அவரைப் பல் டாக்டராக மாற்றினேன். பெரிய முட்டாள்தனம்.

திங்கட்கிழமை சாயங்காலம் பிரதியைக் கொடுத்தேன். உள்ளே ஒரு டைப்ரைட்டரையும் போட்டிருந்தேன், அப்போதுதானே படிப்பார். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். அத்தான் ஒரு சட்டத்துக்குள் கண்ணாடியைப் பொருத்தி, நகத்தளவு திருப்புளியால் திருகிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா. படிச்சுட்டேன். பிரமாதம். மூணே மூணு தப்பு."

"சொல்லுங்க அத்தான்."

"ஒண்ணு, மிஷினைப் பெட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போனான்னு எழுதியிருக்கே. நீ எழுதியிருக்கறது ஆபீஸ் மிஷின். அதுக்குப் பெட்டி ஏது? தூக்கினா இடுப்பு போயிடும். ரெண்டு, அந்தக் காலத்து மிஷின் பலதுல ஆச்சரியக்குறிக்குத் தனி விசையே கிடையாது. மேல ஒரு கோடு அடிச்சு, பின்னால நகர்த்தி, அடியில புள்ளி வைக்கணும். அவ்வளவு கஷ்டப்பட்டு யாரு ஆச்சரியப்படுவா?"

"மூணாவது?"

"அதான் பெரிய தப்பு. வரி முடிஞ்சப்புறம் மணி அடிச்சுதுன்னு எழுதிட்டே. அது எப்பிடிம்மா? முடியறதுக்கு முன்னாடி அடிக்கணும். முடிஞ்சப்புறம் அடிக்கறதுக்கு எதுக்கு மணி?"

"சரி அத்தான். கதை? கதை எப்படி இருக்கு?"

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"மனசே ஆறலைம்மா. பொண்டாட்டி அத்தனை தடவை சொல்றா, அந்தப் பல் டாக்டர் காதுலயே போட்டுக்கலையே! இப்படியும் இருப்பானா ஒருத்தன்? நீ அவனை இன்னும் நாலு வார்த்தை நல்லா திட்டியிருக்கலாம்."

நான் அந்தக் கடையிலேயே, கண்ணாடி விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முன்னால், தலையில் அடித்துக்கொண்டேன். அத்தான் பதறிப்போய், "தலைவலியா? கண்ணைச் சோதிச்சுடலாமா?" என்றார்.

அன்றைக்கே பல் டாக்டரைத் தூக்கிவிட்டு, கண்ணாடிக் கடைக்காரரை வைத்தேன். விமர்சகர்கள் உரிக்கட்டும். ரத்தப் பரிசோதனைக் கூடம், டிவி, சோபா, 'தள்ளிக்கோம்மா' எல்லாம் உள்ளபடியே வைத்து, இரண்டாவது பிரதியை அனுப்பினேன். புதன்கிழமை அவரே கூப்பிட்டார்.

"பாத்துட்டேன்மா. மூணையும் கரெக்டா திருத்திட்டே."

"மத்ததெல்லாம் படிச்சீங்களா?"

"கதைதான் தெரியுமே! மிஷின் வர்ற இடத்தை மட்டும் பாத்தேன். கடையில கூட்டம்."

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அச்சில் போடக்கூடாத வார்த்தை. எடுத்துவிட்டேன்.]

5

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அக்கா சமையலறையிலேயே வைத்துத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

முதலாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. அத்தான் பல தடவை நிறுத்திப் பார்த்த ஒரு காட்சி. டைப்ரைட்டர்கள் வரிசையாக இருக்கும் ஆபீஸ். ஒருநாள் தற்செயலாக மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார். அது அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் துணை நடிகையாக ஒருநாள் போயிருந்தாளாம். இத்தனை வருஷம் அவளை அவர் பார்த்தும் பார்க்காமல் —

"நான் எப்படி படத்துல வந்தேன்?" என்றாள் அக்கா.

"கதைக்காகத்தான்."

"என் புருஷன் என்னைப் பாக்கறதுக்கு நான் சினிமாவுல வரணுமாடி?"

பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் அக்கா எங்கிருந்தோ ஒரு நிஜ டைப்ரைட்டரைக் கொண்டுவந்து, சோபாவில், அத்தான் உட்காருகிற இடத்தில் வைத்து, அதில் மாட்டிய தாளில் விஷயத்தை அடித்து வைக்கிறாள். "மிஷினைத் தூக்கிப் பாப்பார், கவுத்துப் பாப்பார். தாளை உருவிக் கீழ போட்டுடுவார்" என்றாள் அக்கா. வாதாடவே முடியவில்லை, அத்தனை உண்மை.

மூன்றாவதில் அக்கா போய்விடுகிறாள். அத்தான் காலி வீட்டில் தனியாக ஒரு படத்தை, முதல்முறையாக, எங்கேயும் நிறுத்தாமல் கடைசிவரை பார்த்து —

"அவர் முழுப்படம் பாப்பாரா? நீ எந்த உலகத்துல இருக்கே?" சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் அக்கா சட்டென்று நிறுத்திவிட்டு, "போயிடறதுன்னா எனக்குப் பயமா இருக்குடி. போகாம இருந்தா அதைவிட பயமா இருக்கு" என்றாள்.

இதற்கு மேல் என்னிடம் முடிவு கிடையாது.

6

[கதாசிரியை தன் பாத்திரங்களிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்று —] யாரும் எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம். இது என் அக்கா.

7

இன்று வியாழக்கிழமை. நாளைக்கு வெள்ளி.

இது மூன்றாவது பிரதி. இதை நானே கடைக்குக் கொண்டுபோய் அத்தான் கையில் கொடுக்கப்போகிறேன். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கப்போகிறேன்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் முடிவை உங்களிடம் ஒப்படைப்பது வழக்கம். நான் ஒப்படைக்கமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது வேறொருவருடைய சொத்து. வேண்டுமானால் ஓரமாக நின்று பாருங்கள்.

இப்போது அத்தானுக்காக ஒரு வாக்கியம்.

*அக்கா, சாப்பாட்டு மேசையில் இருந்த பழைய டைப்ரைட்டரின் வலப்பக்கக் கைப்பிடியைத் தள்ளி, புது வரியில் இப்படி அடித்தாள்: நாளைக்கு நான் பதில் சொல்லணும், சரின்னு சொன்னா ரெண்டு வருஷம் வேற ஊர்ல இருப்பேன், மூணு தடவை சொல்லிட்டேன், உங்க காதுல விழவே இல்லை.*

நிறுத்துங்க, அத்தான்.

தெரியும். கைப்பிடி இடப்பக்கம்தான் இருக்கும். அந்தத் தப்பை வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன். நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டைப்ரைட்டரே கிடையாது, அதுவும் தெரியும். திருத்த எடுத்த பேனாவை மூடுங்கள். அந்த வாக்கியத்தின் கடைசியில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது.

பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம். மூன்றாம் பகுதிக்குப் போங்க. டிவிக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். தலையைச் சாய்க்காதீர்கள். அவளுக்குப் பின்னால் இருப்பது என்ன மாடல் என்று தேடாதீர்கள். அவள் பல் டாக்டர் பெண்டாட்டி இல்லை.

(அக்கா, இது நேரில் சொன்ன கணக்கில் வராது. எழுத்தில்தான் சொல்லியிருக்கிறேன்.)

மணி எப்போது அடிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அத்தான்? வரி இன்னும் முடியவில்லை. போ என்பீர்களோ, போகாதே என்பீர்களோ, அக்கா என்னை விடச்சொன்ன அந்த மூன்றாவதைச் சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் நான் திருத்தமாட்டேன். பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. கையில் இருக்கிற அந்தக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.